தரைக்கு அடியில் ஒரு திறந்த வாசல்

வயநாடு மாவட்டம் சுல்தான் பத்தேரியில் ஒரு அரசுப் பள்ளி. வகுப்பறையின் சுவரோரம், தரையில் ஒரு பொந்து. 2019 நவம்பர் 20 அன்று ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கால் அதில் பட்டது; உள்ளே பாம்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதித்தார்கள், விஷமுறிவு மருந்து போடத் தயங்கினார்கள் என்று பிறகு புகார்கள் எழுந்தன. மேல்சிகிச்சைக்காகக் கோழிக்கோட்டுக்குக் கொண்டுசெல்லும் வழியில் அவள் இறந்துபோனாள். கேரளம் கொதித்தது. ஆசிரியர்மீதும் மருத்துவர்மீதும் வந்த கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒரு சட்டி சிமென்ட் கலவையில் அடைபட்டிருக்க வேண்டிய பொந்து அது.

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் அப்படியொரு பொந்து எத்தனையோ வீடுகளில் இருக்கும். அடுக்களைக் கழிவுநீர்க் குழாய் வெளியேறும் இடத்தில், கதவு நிலையின் காலடியில், பழைய மண்சுவரும் புதிதாகப் போட்ட தரையும் சேரும் விளிம்பில். காரோடு, கொல்லயில், குன்னத்துக்கால் பக்கமெல்லாம் வீட்டைச் சுற்றி ரப்பரோ வாழையோ மரச்சீனியோ நிற்கும். மரச்சீனிக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். நம் வீட்டோரம் வரும் பாம்புகள் வளை தோண்டுவதில்லை, எலி தோண்டியதில் குடியேறுகின்றன. மழைக்காலத்தில் வளைக்குள் தண்ணீர் ஏறினால் அவை உலர்ந்த இடம் தேடி மேலே வரும். இங்கே இடவப்பாதி, துலாமழை என இரண்டு பருவமழை உண்டு.

அதிகம் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. இரவில்தான் அதன் நடமாட்டம். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. பல்தடமும் கண்ணில் படாது. விடிகாலையில் வயிற்றுவலி, பிறகு இமை தானாகச் சரியும், பேச்சு குழறும். வாயுத்தொல்லை என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும். இரவு தரையில் படுத்தவருக்குக் காலையில் இமை சரிந்தால், கடித்த தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

ரப்பர் தோட்டங்களில் இன்னொன்று இருக்கிறது. மூக்கு நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியன். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டும்தான். இதன் விஷத்துக்கு அதில் மாற்று இல்லை. எனவே அது வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்வதே பெரிய வைத்தியம்.

அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்து, லாரியில் இழுத்துவந்து நிறுத்தும் வீடுகள் உண்டு. எலி நுழைய வழியில்லாமல் அவற்றை அடைத்திருக்க வேண்டும் என்று 1976இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தரவிதி சொல்கிறது. நம் ஊரில் அந்த வேலை வீட்டுக்காரரின் கையில்தான் இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. எலி வளையைக் களிமண்ணாலோ துணியாலோ அடைத்தால் ஒரே இரவில் திறந்துவிடும். கடையில் டப்பாவில் விற்கும் நுரையையும் எலி கடித்துத் தள்ளும். கல்துண்டும் சிமென்ட் கலவையும் திணித்து இறுக்குவதுதான் நிற்கும். கழிவுநீர்க் குழாய் வாயில் நெருக்கமான கம்பிவலை வேண்டும். வாசற்கதவின் அடியில் சுண்டுவிரல் நுழையும் சந்து இருந்தால் சிறிய பாம்புக்கு அது தாராளம். ரப்பர் பட்டை அடித்து அடைத்துவிடலாம்.

எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும் என்றும் இல்லை. ஓதம் அடிக்கும் சுவர்க்காலில் ஓடு ஒட்டி மறைத்தால், வெளியேற வழியில்லாத ஈரம் ஓட்டுக்கு மேலே ஏறிப் பூச்சை உதிர்க்கும். மண்சுவருக்குச் சிமென்ட் பூசினாலும் அதே கதைதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு முழம் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. மேலே துளி இருந்தால் அது காற்றின் ஈரம்; சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

நிலத்து ஈரத்தைத் தடுக்கும் இடம் பேஸ்மென்ட். சுற்றியுள்ள தரைமட்டத்துக்கு மேல் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பது தேசியக் கட்டடக் குறியீடு. அதன் தலையில், சுவர் எழும்புவதற்கு முன், 4 சென்டிமீட்டர் கனத்துக்கு நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த கான்கிரீட் அடுக்கு போட்டு, மேலே தார் பூசுவது வழக்கம். சுவர் எழும்பியபின் இது கண்ணுக்குத் தெரியாது. பணம் மிச்சம் பிடிக்க முதலில் கைவைப்பதும் இதில்தான். கேரள அரசின் லைஃப் மிஷன் வீட்டுத் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் உதவியோடு கட்டும் சிறு வீடுகளில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு மூட்டை சிமென்ட்டும் எண்ணிப் பார்த்து வாங்கப்படுகிறது. அந்த அடுக்கு போடும் நாளில் வீட்டுக்காரர் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டும். செல்போனில் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கரையானுக்கு மருந்து அடிப்பதில் இன்னொரு ஆபத்து. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்து செலுத்துவதுதான் இந்தியத் தரநிலை சொல்லும் முறை. அந்த மருந்து மண்ணுக்குள் போகிறது. இந்தக் கிராமங்களில் குடிக்கும் தண்ணீரோ வீட்டு முற்றத்துக் கிணற்றில் இருக்கிறது. மருந்து அடிக்க வருகிறவரிடம் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பெற்ற உரிமம் இருக்கிறதா, டப்பாவில் லேபிள் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் மூன்றும் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. லேபிள் இல்லாத கேனில் கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது. கிணற்றை ஒட்டிய சுவருக்கு மருந்தே வேண்டாம்.

வேலை மோசமாக முடிந்தால் என்ன செய்வது? வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் எல்லைப்புற மக்களுக்கு இன்னொரு வசதியையும் தந்திருக்கிறது: புகார்தாரர் எங்கே வசிக்கிறாரோ அங்கேயே வழக்குப் போடலாம். களியக்காவிளையிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ வந்த காண்ட்ராக்டர் வேலையைக் கெடுத்துவிட்டு எல்லை தாண்டிப் போனாலும், பாறசாலைக்காரர் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நாள்கூலிக்கு ஆள் வைத்துத் தானே வேலை வாங்கியிருந்தால் வழக்கு நிற்பது கடினம். மொத்தமாகப் பேசி விட்ட வேலைக்கு, கையெழுத்துப் போட்ட ஒரு தாளும் வங்கி வழியாகக் கொடுத்த பணமும் இருந்தால் பலம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்கப் போக வேண்டாம், அப்போதுதான் கடி விழுகிறது. கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலியில் பயிற்சி பெற்ற பிடிப்பவர்களின் எண்கள் இருக்கின்றன. கடித்துவிட்டால் கயிற்றால் கட்டுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உயிர் போனால், காட்டுக்கு வெளியே நடந்திருந்தாலும் குடும்பத்தார் வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம். அதற்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கை அவசியம் என்பதால், துக்கத்தில் அதை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

மலையாளம் எழுதத் தெரியாததால் இந்தக் கிராமங்களின் தமிழர் பலர் மனுவே கொடுப்பதில்லை. அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அதிகாரிகளிடம் குறைகளை எழுதிக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தந்திருக்கிறது. பஞ்சாயத்துக்கோ வனத்துறைக்கோ மனு எழுதும்போது இந்த இரண்டையும் தலைப்பில் குறிப்பிட்டு, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.