‘ஆனால்’ நிற்கும் இடம்

சின்னாளபட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் ஒன், தமிழ்வழி, கணினி அறிவியல் பிரிவு. சி பிளஸ் பிளஸ் பாடம் தொடங்கியதிலிருந்து திணறுகிறானாம். அடியிலிருந்து சொல்லித்தரும் புத்தகம் உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. ‘தமிழில் நிரல் எழுது’ என்று பெயர். முத்து அண்ணாமலையும் என். சொக்கனும் சேர்ந்து எழுதி 2013-இல் வந்தது. அமெரிக்காவில் வாழும் பொறியாளரான முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற நிரல்மொழிக்கு அது அறிமுக நூல். எழிலில் கட்டளைகள் தமிழிலேயே இருக்கும்: திரையில் காட்ட ‘பதிப்பி’, திரும்பத் திரும்ப நடக்கும் சுற்றிலிருந்து வெளியேற ‘நிறுத்து’, விடையைத் திருப்பித் தர ‘பின்கொடு’. கணினி செய்ய வேண்டியதைச் சொல்லும் இந்தக் கட்டளைகளின் வரிசைதான் நிரல்; இனி நேரே எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி அனுப்பும் விவசாயி, விலை சரிந்துவிட்டால் பறிப்புக்கூலிகூடத் தேறாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார். கிலோ பத்து ரூபாயைத் தாண்டினால்தான் கட்டுபடியாகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த முடிவை எழிலில் எழுதினால் இப்படி வரும்:

விலை = 8
@( விலை > 10 ) ஆனால்
    பதிப்பி "பறித்து அனுப்பு"
இல்லை
    பதிப்பி "செடியிலேயே விடு"
முடி

‘ஆனால்’ எங்கே நிற்கிறது பாருங்கள். சி மொழியிலும் பைத்தானிலும் ‘இஃப்’ முன்னால் வரும், நிபந்தனை பின்னால் வரும். அது ஆங்கில வாக்கியத்தின் வரிசை. நாம் விஷயத்தை முதலில் சொல்லி, ‘ஆனால்’ என்பதைக் கடைசியில் வைக்கிறவர்கள். எழில் அந்த வரிசையை அப்படியே ஏற்றுக்கொண்டது. திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ‘வரை’, ‘ஆக’ என்ற சொற்களும் அடைப்புக்குறிக்குப் பின்னால்தான் வரும். முன்னால் உள்ள ‘@’ குறி, பொறு, சொல் பின்னால் வருகிறது என்று கணினிக்குச் சொல்லிவைக்கிறது. கடைசிச் சொல்லைப் பார்த்த பிறகே அது முடிவெடுக்கும் இடமா, சுற்றிவரும் இடமா என்பது கணினிக்குப் புரியும். என் பாட்டி ஊர்க்கதை சொல்லும்போது வாக்கியத்தின் கடைசி வினைச்சொல் விழும்வரை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போலத்தான் இதுவும். ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை ஒட்டுவது எளிது. வாக்கிய அமைப்பையே தமிழாக்கியது பெரிய காரியம் என்பேன்.

எழில் தெரிந்தால் வேலை கிடைத்துவிடாது. அது ஏணியின் முதல் படி. ஆனால் எழிலே பைத்தானில் எழுதப்பட்டதுதான். பிளஸ் டூ பாடத்திட்டத்தில் வருவதும் பைத்தான். நிபந்தனை, சுற்று என்பவை தாய்மொழியில் மனதில் பதிந்துவிட்டால், பிறகு சொல்லின் இடம் மாறுவது பெரிய தடையாக இருக்காது.

எந்த மொழியானாலும் நிரலை ஓட்டிப் பார்த்தே கற்க வேண்டும். 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழி நூல், ‘ஹலோ, வேர்ல்ட்’ என்று திரையில் காட்டும் சின்னஞ்சிறு நிரலோடு தொடங்குகிறது. பின்னால் வந்த எத்தனையோ அறிமுக நூல்கள் அதைப் பின்பற்றின. நிரலைத் தட்டச்சு செய்து, ஓட்டி, விடையைக் கண்ணால் பார்ப்பதுதான் முதல் பெரிய தடை. அதைத் தாண்டிவிட்டால் மற்றவை எளிது என்பது கெர்னிகன், ரிட்சி இருவரின் எண்ணம். நம் பிள்ளைகளில் பலர் அந்தத் தடைக்குப் பக்கத்திலேயே போவதில்லை. கைடில் உள்ள நிரலை மனப்பாடம் செய்து, ரெக்கார்டு நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஓட்டிப் பார்க்காத நிரலில் எங்கே பிழை என்று யார் சொல்வார்கள்? பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு மடிக்கணினி கொடுத்துவந்த காலத்தில், அது வீட்டில் படம் பார்க்கப் பயன்பட்டதைப் பார்க்கையில் மனம் வலித்தது.

திண்டுக்கல் பக்கத்துக் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டைத் திறக்கும் முன், ஒரு பீரியடு மட்டும் மேலே உள்ள ஆறு வரிகளைப் பிள்ளைகள் கையாலேயே தட்டச்சு செய்யட்டும். விலையை 12 என்று மாற்றி ஓட்டட்டும். பிறகு சரியாக 10 என்று வைத்து ஓட்டட்டும். பத்து ரூபாய்க்கும் ஏன் ‘செடியிலேயே விடு’ என்று வருகிறது என்பதை அவர்களே உங்களுக்கு விளக்கட்டும்.