நாய்க்கு எறிந்த ஈரல்

ஆடு வளர்ப்போரும் இறைச்சி வெட்டுவோரும் தமது தொழிலில் அஞ்சுவது பெரும்பாலும் கத்தியின் கூர்மைக்கே. கண்ணுக்குத் தெரியாத வேறோர் ஆபத்தும் அத்தொழிலில் உண்டு. ஹைடற்றிட் நோய் எனப்படும் நீர்க்கட்டி நோயே அது. அறுத்த ஆட்டினின்று அந்நோய் மனிதனை நேரே பற்றுவதில்லை. காலடியில் வாலைக் குழைத்து நிற்கும் நாயின் வழியாகவே பற்றுகிறது.

இந்நோய்க்குக் காரணம் ஒரு நாடாப்புழு. அரிசியின் நீளத்தைத் தாண்டுவது அரிதான இப்புழு, நாயின் சிறுகுடலில் ஆயிரக்கணக்கில் வாழும். நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் புல்லிலும் மண்ணிலும் படியும். அப்புல்லை மேயும் ஆட்டின் உடலுள் முட்டையினின்று வெளிவரும் இளம்புழு, குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தோடு சென்று, ஈரலிலோ சுவாசப்பையிலோ தங்கி, நீர் நிறைந்த கட்டியாக வளரும். கட்டிக்குள் எண்ணற்ற புழுத்தலைகள் தோன்றும். ஆட்டை அறுப்பவர், கட்டி விழுந்த ஈரல் விலைபோகாதென்று அதனை நாய்க்கு எறிகிறார். சில வாரங்களில் அந்நாயின் குடலில் புழுக்கள் முதிர்ந்து மீண்டும் முட்டையிடுகின்றன.

நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்பவரின் வயிற்றினுள்ளும் அம்முட்டைகள் செல்லும். அவரது ஈரலிலும் கட்டி வளரும். பல ஆண்டுகள் நோவின்றியே வளரும். அது உடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். சத்திரசிகிச்சையும் இக்காலத்து மருந்துகளும் உண்டெனினும், வருமுன் காப்பதே எளிது.

அவ்வாறு காத்துக்கொண்ட நாடு ஐஸ்லாந்து. மந்தை மேய்க்க நாய் இன்றியமையாத அந்நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் இந்நோய் மலிந்திருந்தது. 1863இல் அங்குச் சென்ற டென்மார்க் அறிஞர் ஹரால்ட் கிராபே, 100 நாய்களை அறுத்து ஆராய்ந்து, 28 நாய்களில் இப்புழுவைக் கண்டார். அடுத்த ஆண்டு, நோய் பரவும் விதத்தையும் தடுக்கும் வழியையும் விளக்கி ஐஸ்லாந்து மொழியில் அவர் எழுதிய சிறுநூல் வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. எழுத்தறிவு மிக்க அம்மக்கள் அதனைப் படித்து, கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு எறியும் பழக்கத்தைக் கைவிடலாயினர். 1869இலும் 1890இலும் நாய்களைக் குறித்த சட்டங்கள் வந்தன. பின்னர் ஆடறுத்தல் பண்ணை முற்றங்களை விட்டு இறைச்சிக்கூடங்களுக்கு மாறியது. 20ஆம் நூற்றாண்டில் அத்தீவினின்று நோய் நீங்கிற்று.

ஆயினும் கிழக்கு ஆபிரிக்காவிலும், தென் அமெரிக்காவிலும், மத்திய ஆசியாவிலும் மந்தை மேய்ப்போரிடையே அது இன்றும் நிலவுகிறது. தடுக்கும் முறை பெருஞ்செலவு வேண்டுவதன்று. கட்டியுள்ள உறுப்புகளை எரித்தல் வேண்டும். அன்றேல் நாய் தோண்டாத ஆழத்திற் புதைத்தல் வேண்டும். அறுக்குமிடத்தில் நாய்களை அண்டவிடலாகாது. வளர்ப்பு நாய்க்குக் காலந்தவறாது பூச்சிமருந்து கொடுத்தலும், உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும் இன்றியமையாதன. நாயிடத்து அன்புள்ளவர் செய்யத்தக்கது, பச்சை ஈரலை எறியாதிருத்தலே. அதுவே நாயையும் காக்கும், வீட்டிலுள்ள குழந்தையையும் காக்கும்.