மூங்கிலாற்றுக் காடும் ஞாயிற்றுக்கிழமை நடையும்

காடு அழிகிறது என்று வருந்தாதவர் இல்லை. ஆனால், தம் ஊரருகே எஞ்சி நிற்கும் காடு எது, அதன் பரப்பு எவ்வளவு, சட்டம் அதனைக் காக்கிறதா என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. இது சிறு குறையன்று. பெயரறியாத நிலம் பறிபோகும்போது எவரும் வருந்துவதில்லை. ஆகவே, ஊர்மக்கள் கூடி இயற்கையைக் கண்டு நடப்பதும், நடந்த இடத்திலேயே அதுபற்றிய உரை கேட்பதும் வெறும் பொழுதுபோக்கு அல்ல. அவையே நிலப் பாதுகாப்பின் முதற்படி. இதற்குச் சான்று நம் அண்டையிலேயே உண்டு.

எஞ்சிய காடு

சுங்கை வேக்கு வடக்கே, பெட்டாலிங் ஜெயா மாநகர எல்லைக்குள் கோத்தா டாமன்சாரா சமூக வனப் பூங்கா அமைந்துள்ளது. இது பழைய சுங்கை பூலோ காப்புக்காட்டின் எச்சம். பூலோ என்பது மலாய் மொழியில் மூங்கில். சுங்கை பூலோ என்றால் மூங்கிலாறு. 1898 இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட இந்நிலம், பின்வந்த காலத்தில் பகுதி பகுதியாக அந்நிலையிலிருந்து நீக்கப்பட்டது. மரங்கள் நின்ற இடத்தில் வீடுகளும் சாலைகளும் எழுந்தன.

எஞ்சியதும் போய்விடுமோ என்ற அச்சம் பிறந்தபோது அவ்வட்டாரக் குடியிருப்போர் விழித்துக்கொண்டனர். 1940 இல் தோன்றிய மலேசிய இயற்கைச் சங்கத்தின் துணையும் அவர்களுக்குக் கிடைத்தது. அரசுக்கு வேண்டுகோள் விடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. மக்களைக் காட்டுக்குள்ளே அழைத்துச் சென்றும் காட்டினர். 2010 இல் சிலாங்கூர் அரசு 321.7 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 795 ஏக்கர் நிலத்தை நிலையான காப்புக்காடாக அறிவித்தது. நடை ஒன்றே இவ்வெற்றியைத் தந்தது என்பது மிகையாகும். எனினும், காட்டை நேரில் கண்டவர்களே அதற்காகப் பேசினர் என்பதை மறுக்க முடியாது.

நம் அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசின் பொறுப்பிலுள்ளவை. சிலாங்கூரில் காப்புக்காட்டின் ஒரு பகுதியை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று 2011 இல் சட்டம் திருத்தப்பட்டது. 2020 இல் வட கோல லங்காட் காப்புக்காட்டை நீக்கும் எண்ணம் வெளியானபோது மக்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு ஒரு பகுதி நீக்கப்பட்டும், அவ்வாண்டிலேயே அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. இதனால் நாம் அறிவது யாது? பேசும் வாய்ப்பைச் சட்டம் தரும். பேசுவதற்குரிய அறிவை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

மண்ணைப் படித்தல்

நடையில் எதனைக் காட்டுவது? புலியையும் யானையையும் தேட வேண்டியதில்லை. மண்ணையும் நீரையும் காட்டினாலே போதும். காட்டில் விழும் மழைத்துளியின் வேகத்தை முதலில் இலைகள் தணிக்கின்றன. தரையில் கிடக்கும் சருகு அதனை ஏந்துகிறது. வேர்கள் மண்ணை இறுகப் பிடித்திருக்க, நீர் மெல்ல உள்ளிறங்குகிறது. மேடு வெட்டிய வெற்றுநிலத்திலோ, துளி மண்ணை நேரே தாக்கிப் பெயர்க்கிறது. மழை விட்டபின் காட்டோடை நீரை ஒரு கண்ணாடிப் புட்டியிலும், கட்டட வேலை நடக்கும் மேட்டிலிருந்து வடியும் கால்வாய் நீரை மற்றொன்றிலும் எடுத்து மாணவர்முன் வையுங்கள். அதற்குமேல் விளக்கவுரை தேவைப்படாது.

இப்பாடம் நம் மக்களுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு புல்லும் இராதபடி களையெடுப்பதே முறையாயிருந்தது. சரிவுகளில் மேல்மண் மழையோடு போயிற்று. பின்னரே அவரையினக் கொடிகளைப் படரவிட்டு மண்ணை மூடும் முறை பரவியது. எம் பள்ளி நடை ஒன்றில், களைவெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர் தம் தாயார் காலத்தை நினைவுகூர்ந்து, "புல்ல வழிச்சு எடுத்தா, மழ வந்து மண்ண வழிச்சுக்கிட்டுப் போயிரும்" என்றார். நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த அரைமணி உரை அந்த ஒரு தொடரில் அடங்கிவிட்டது.

ஈயலம்பங்களின் மணலும் சேறும் ஆற்றை நிரப்பியதால் பழைய கோல குபு நகரம் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கியது. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. மறுபுறம், கெப்போங்கில் ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கினர். அதுவே இன்று மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடாகத் தழைத்து, 2025 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கெட்ட நிலமும் திருந்தும். ஆனால் அதற்கு ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று.

தமிழாசிரியர் பங்கு

இஃது அறிவியல் ஆசிரியர் வேலை என்று நாம் ஒதுங்குதல் தகாது. தொல்காப்பியம் நிலத்தை முதற்பொருளாக வைத்து, மரம், புள், விலங்கு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாக வகுத்தது. அவ்வகைகளையே தலைப்புகளாக இட்டு ஓர் ஏட்டை மாணவர் கையில் கொடுத்தால், நடைக்கு வேண்டிய குறிப்பேடு ஆயத்தமாகிவிடும். ஊர்ப்பெயர்களும் பாடமாகும். மலாக்கா ஒரு மரத்தின் பெயர். அது நம் நெல்லியே. குறிஞ்சியும் முல்லையும் மலராலேயே நிலத்திற்குப் பெயராயின என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

நடத்தும் முறை எளிது. முன்னரே உரிய இசைவு பெறுக. வழியறிந்தவர் ஒருவர் உடன்வரட்டும். காலை வேளையில் இருபது பேருக்கு மேற்படாமல் செல்க. மூன்று இடங்களில் நின்று, ஒவ்வோரிடத்திலும் பத்து நிமிடம் மட்டும் பேசுக. பெற்றோரையும் முதியோரையும் அழைத்து, அவர்களைப் பேசவிடுக. ஒன்றையும் பறிக்கலாகாது. எல்லாவற்றினும் முதன்மையானது, அதே இடத்திற்கு மீண்டும் மீண்டும் செல்வது. ஒருமுறை கண்டவன் விருந்தாளி. பலமுறை கண்டவனே மாற்றத்தை உணர்வான்.

தோட்டங்கள் பல நகரங்களாகிவிட்டன. நம் முன்னோர் காலடியில் அறிந்திருந்த நிலத்தை நம் பிள்ளைகள் பேருந்துச் சன்னல் வழியாகவே காண்கின்றனர். நாளை ஒரு விசாரணை மன்றத்தில், "இந்நிலத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?" என்று அவர்களிடம் கேட்கப்படலாம். அதற்குரிய விடையை இன்றே அவர்கள் நடந்து கற்கட்டும்.