கார்புரேட்டரில் பெட்ரோல் வழிகிறதா?

பழைய அம்பாசடர், பத்மினி அல்லது கார்புரேட்டர் காலத்து மாருதி 800 வைத்திருக்கிறீர்களா? செல்ஃப் அடித்தும் வண்டி கிளம்பவில்லை, பானட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை தூக்குகிறது என்றால், எஞ்சினுக்குள் தேவைக்கு மேல் பெட்ரோல் போயிருக்கிறது. மெக்கானிக்குகள் ‘ஓவர்ஃப்ளோ’ என்பது இதைத்தான்.

உடனே என்ன செய்வது? கார்புரேட்டரின் வெளிப்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈரமாக இருந்தால் செல்ஃபைத் தொடவே வேண்டாம். பழைய 1,489 சிசி அம்பாசடரில் கார்புரேட்டருக்குக் கீழேதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் இரும்புக் குழாய்த் தொகுதி) இருக்கிறது. வழியும் பெட்ரோல் அந்தச் சூட்டில் விழுந்தால் தீப்பற்றும். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழையுங்கள்.

வெளியே ஈரமே இல்லையா? சோக்கை (காற்றைக் குறைக்கும் தகடு) முழுக்க விடுவியுங்கள். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து, காலை எடுக்காமல் செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு பத்து விநாடி போதும், பிறகு பேட்டரிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் இன்னொரு பீச்சு பெட்ரோல் உள்ளே போகும். அப்படியும் கிளம்பாவிட்டால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவிட வேண்டும்.

ஏன் வழிகிறது? மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வு மாதிரி, கார்புரேட்டருக்குள்ளும் ஒரு ஃப்ளோட் (மிதவை) உண்டு. பெட்ரோல் உயர்ந்ததும் அது ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். ஊசி சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் நிற்காமல் வரும்.

அதனால் மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஊசியின் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மோதிரம் போல ஒரு வரிப்பள்ளம் விழுந்திருந்தால் ஊசியையும் அது உட்காரும் சீட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை. கனத்துப்போய் மேலே எழும்பாது. இரண்டும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் தூசியோ ஃப்ளோட்டின் மட்டமோதான் காரணம்.

தூசி எங்கிருந்து வருகிறது? டேங்கின் துரு ஒன்று. நைந்துபோன ரப்பர் குழாய் இன்னொன்று. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். குழாயையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் அதே தொல்லை திரும்பவும் வரும்.

டியூனிங் ஸ்குரூவைத் திருகினால் சரியாகிவிடாதா? ஆகாது. அது ஐடிலிங் கலவைக்கு மட்டும்தான். வழிகிற பெட்ரோலை அதனால் நிறுத்த முடியாது.

நாள் கடத்தினால் கேடு எஞ்சினுக்கு. எரியாத பெட்ரோல் கீழிறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், பேரிங்குகள் தேயும். டிப் ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் ஊற்றாமலே ஏறியிருந்தாலோ, கார்புரேட்டர் சரியான அன்றே ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.