பத்துமலைப் படிகளும் நம் முதுகும்

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளைப் பால்குடத்தோடு ஏறும் மெய்யன்பர்களைப் பல்லாண்டுகளாகக் கண்டுவருகிறேன். பலர் கூனிக் குறுகி, பாதத்தையே பார்த்தபடி ஏறுவார்கள். பாதி வழியில் மூச்சு வாங்கும். குனியும்போது வயிறு நெருக்குண்டு, உதரவிதானம் கீழிறங்க இடமில்லாமல் போவதும் ஒரு காரணம். முதுகை வளைக்காமல், இடுப்பிலிருந்து சற்றே முன்சாய்ந்து, பாதத்தை நன்றாக ஊன்றி ஏறினால் முழங்காலின் பளுவில் ஒரு பங்கை இடுப்புத் தசைகள் ஏற்றுக்கொள்ளும்.

ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். சோதனை இறங்குவதில்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு நான் களைப்பின்றி ஏறினேன். இறங்கும்போது வலது முழங்கால் நடுங்கி, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இறங்கும் ஒவ்வொரு படியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கவேண்டும், முழங்காற்சிப்பி அழுந்துகிறது.

முழங்கால் வலியுள்ள அன்பர்கள் ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலிக்கும் காலையும் முதலில் வையுங்கள். கைப்பிடியை விடவேண்டாம். அவசரமும் வேண்டாம், பின்னால் எத்தனை பேர் நெருக்கினாலும் சரி. துணைக்கு வருபவர் ஒரு படி கீழே நிற்கட்டும். இவ்வாண்டு என் பேரன் அங்கேதான் நின்று, என்னோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான்.