புதுப்பித்த பழைய கார்: ஒரு வியாபாரப் பார்வை

மளிகை வியாபாரிகளின் இதழில் மோட்டார் காருக்கு என்ன வேலை என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சரக்கு ஏற்றும் வண்டியைத் தவிர வேறு வண்டியைப் பற்றி நம்மில் பலர் அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் நாம் இங்கே எழுதப்போவது காரைப் பற்றி மட்டுமல்ல. பழைய சரக்கைச் சீர்செய்து புதிய விலைக்கு விற்பது எப்படி, அந்தச் சரக்கைப் பற்றி விற்பவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன விலை என்பதைப் பற்றியும் எழுதுகிறோம். அந்த விஷயம் நம் கடை வாசல் வரை வருகிறது.

இங்கிலாந்தில் பழைய கார் வாங்கி விற்பது ஒரு தனி வியாபாரம். ஏலக் கம்பெனிகள், தரகர்கள், பட்டறைக்காரர்கள், உதிரி பாகக் கடைக்காரர்கள் என்று பலர் அதில் பிழைக்கிறார்கள். அங்கே வழக்கமாகக் காணப்படும் விளம்பரம் ஒன்று இப்படி இருக்கும்: "விற்பனைக்கு, 1967 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. அசல் எஞ்சின். கம்பிச் சக்கரங்கள். செலவுப் பில்கள் உண்டு." ஐந்தே வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

கடையில் பிறந்த பெயர்

ரோட்ஸ்டர் என்பது இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். மேலே நிலையான கூரை கிடையாது. மழை வந்தால் துணிக்கூரையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும்.

எம்.ஜி. என்ற இரண்டு எழுத்துகளும் ஒரு கடையின் பெயர். வில்லியம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு நகரில் சைக்கிள் பழுது பார்த்துத் தொழில் தொடங்கியவர். பின்னாளில் பெரிய கார் முதலாளியானார். அவருடைய விற்பனைக் கடையும் பட்டறையும் மோரிஸ் கராஜஸ் என்று அழைக்கப்பட்டன. 1921இல் அங்கே விற்பனை மேலாளராகச் சேர்ந்த செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களின் மேல் அழகான, இலேசான உடலைப் பொருத்தி விற்றுப் பார்த்தார். வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று கல்லாவுக்கு அருகில் நின்று கவனித்தவரின் யோசனை அது. சரக்கு போணியாயிற்று. 1929இல் தொழிற்சாலை ஆபிங்டன் என்ற ஊருக்கு மாறியது.

அங்கே 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டதுதான் எம்.ஜி.பி. கூரை உள்ளதும் இல்லாததுமாக ஐந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. 1,798 சி.சி. எஞ்சின், மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடக்கூடியது. இந்த எஞ்சின் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. நம்மூர்ச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய பழைய அம்பாசடர் காரின் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இவ்வளவு அதிகமாகச் செய்யப்பட்ட கார் என்பதால் உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. சீர்செய்து விற்பவர்கள் இந்தக் காரை நாடுவதற்கு அது முக்கியக் காரணம்.

இன்னொரு சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். விற்பவர்கள் பலர் இதனை 'விண்டேஜ் கார்' என்று எழுதிவிடுவார்கள். இங்கிலாந்துப் பழைய கார் சங்கத்தாரின் வழக்கில் 1919 முதல் 1930 வரை செய்த கார்தான் விண்டேஜ். 1967ஆம் வருடத்துக் காருக்கு 'கிளாசிக்' என்ற பெயரே பொருந்தும். பொன்னி அரிசிக்கும் ஐ.ஆர். அரிசிக்கும் பெயரை மாற்றிச் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? அதுபோலத்தான் இதுவும்.

துரு எங்கே ஒளிந்திருக்கிறது

பழைய கார்கள் பலவற்றில் அடியில் தனியாக ஒரு கனமான இரும்புச் சட்டம் இருக்கும். உடல் கெட்டாலும் சட்டம் தாங்கும். எம்.ஜி.பி.யில் தனிச் சட்டம் இல்லை. தகர உடலே சட்டமும் ஆகும். கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், பெட்டி போல ஓடுகிற தகர அமைப்புதான் பாரத்தைத் தாங்குகிறது. திறந்த காரில் கூரையின் துணையும் இல்லாததால் அந்த அமைப்பின் பொறுப்பு இன்னும் அதிகம்.

துரு பிடிப்பதும் அங்கேதான். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புநீர் உள்ளே புகுந்து தகரத்தை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளவென்று பெயிண்ட் இருக்கும்; உள்ளே கறையான் அரித்த மரம் போல இருக்கும்.

ஒழுங்கான பட்டறைக்காரர் பெட்டியின் வெளித்தகடு, உள்தகடு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துப் புதிதாக வைத்துப் பற்றவைப்பார். அவசரக்காரர் துருவின் மேலேயே ஒரு புதுத் தகட்டை மூடி, பட்டி தடவி, பெயிண்ட் அடித்துவிடுவார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

அனுபவசாலிகள் இரண்டு சோதனை செய்வார்கள். ஒன்று காந்தம். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. இரண்டாவது ஜாக்கி. காரின் நடுப்பகுதிக்கு அருகே ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவின் இடைவெளி குறுகி, கதவு திறக்காமல் சிக்கினால், உடலில் பலம் இல்லை என்று அர்த்தம். மூட்டைக்குள் குத்தூசி விட்டு அடிச் சரக்கைப் பார்ப்பது நமக்குப் புதிதல்லவே!

'புதுப்பித்தது' என்றால் எது?

இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று சரக்குகள் இருக்கின்றன.

முதலாவது, பழைய உடலையே வைத்துக்கொண்டு கெட்ட தகரத்தை மட்டும் வெட்டி மாற்றியது. வேலை அதிகம், பழைய பொருளும் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது, முழுப் புது உடல். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988 முதல், பழைய தொழிற்சாலை அச்சுகளைப் பயன்படுத்தி எம்.ஜி.பி. உடலைப் புதிதாகவே செய்து விற்கத் தொடங்கியது. பழைய காரின் எஞ்சின், கியர்ப் பெட்டி, அச்சு முதலியவற்றை அதில் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். பலமான கார் கிடைக்கும். ஆனால் '1967 கார்' என்ற சொல்லுக்கு எவ்வளவு பங்கு மிச்சம் என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, வேடம் போட்டது. 1974இன் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கச் சட்டத்துக்காக இந்தக் காருக்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள். காரின் உயரத்தையும் கூட்டினார்கள். பழைய குரோமியம் பம்பர் காருக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதால், பிந்திய காரைப் பழைய கார் போல மாற்றிவிடுவோர் உண்டு. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகி, துரு இல்லாமல் திரும்பி வந்த இடப்பக்க ஸ்டியரிங் கார்களை வலப்பக்கமாக மாற்றுவோரும் உண்டு.

இந்த மூன்றில் எதுவும் தவறில்லை. எது என்று சொல்லாமல் விற்பதுதான் தவறு.

காகிதத்தின் எடை

'அசல் எஞ்சின்' என்று விளம்பரம் சொல்கிறதே, அதை எப்படி நம்புவது? கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. கட்டணம் செலுத்தினால், அந்தக் கார் செய்து முடித்த நாள், எஞ்சின் எண், முதலில் அடித்த நிறம், எந்தச் சந்தைக்கு அனுப்பப்பட்டது முதலிய விவரங்களுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். காரில் பொறித்த எண்ணோடு ஒத்துப் பார்த்தால் உண்மை வெளிவந்துவிடும். தொழிற்சாலை ஆபிங்டனில் 1980இல் மூடப்பட்டுவிட்டது. அதன் பேரேடு மட்டும் இன்றும் சாட்சி சொல்கிறது.

அதோடு பட்டறைப் பில்கள், வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்கள். தகரத்தை வெட்டிய நிலையில் எடுத்த ஒரு படம், பளபளக்கும் பெயிண்டைவிட அதிகம் பேசும். இவை எல்லாம் உள்ள காரும் இல்லாத காரும் ஒரே விலைக்குப் போவதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் 2018 மே மாதம் முதல், 40 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. சலுகை நல்லதுதான். ஆனால் சோதனைச் சான்று இல்லாத காரை வாங்குபவர் தம் கண்ணையே நம்பியாக வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம்

ஏலத்தில் 10,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் அதற்கு மேல் ஏலக் கம்பெனிக்குத் தரகு தர வேண்டும். 15 சதவீதம் என்றால் 1,500. அந்தத் தரகின் மேல் 20 சதவீத வரி 300. ஆக அவர் கொடுப்பது 11,800 பவுண்டு. விற்பவரும் தரகு தர வேண்டும். 6 சதவீதம் என்றால் 600, வரி 120. அவர் கைக்கு வருவது 9,280. நடுவில் 2,520 பவுண்டு போய்விட்டது. மண்டித் தரகும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியும் கொடுத்துப் பழகிய நமக்கு இது புரியாத கணக்கல்ல.

அதே மனிதர் துருப்பிடித்த காரை 3,000க்கு வாங்கி, 12,000 செலவிட்டுச் சீர்செய்திருந்தால்? 5,720 பவுண்டு நஷ்டம். நாம் போட்ட தொகைகள் உதாரணத்துக்குத்தான். ஆனால் செலவு விலையை மீறுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. தகர வேலைக்குப் பிடிக்கும் கூலி நேரம் அப்படி. வேறொருவர் ஆசைக்காகச் செலவழித்துச் சீர்செய்த காரை வாங்குவதே மலிவு என்று இத்தொழிலில் ஊறியவர்கள் சொல்வது இதனால்தான்.

கடன் வாங்கி வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். 1980களின் கடைசியில் பழைய கார் விலை ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஏறும் என்று கடனில் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1989 அக்டோபரில் இங்கிலாந்தில் அடிப்படை வட்டி 15 சதவீதத்தைத் தொட்டது. ஒரு வருடம் அங்கேயே நின்றது. 1990க்குப் பிறகு கார் விலை சரிந்தது. வட்டி மட்டும் தூங்கவில்லை. விலை ஏறும் என்று மிளகாயையோ புளியையோ கிட்டங்கியில் அடுக்கிவைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நம்மிலும் உண்டு.

இரண்டு தீர்ப்புகள்

1967இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. '1961 ஹெரால்ட், திறந்த கார்' என்று ஒருவர் விளம்பரம் செய்தார். வாங்கியவர் நேரில் பார்த்துத்தான் வாங்கினார். பிறகு பார்த்தால் அது இரண்டு கார்! பின்பாதி 1961, முன்பாதி அதற்கு முந்திய மாடல். நடுவில் பற்றவைப்பு. விற்றவருக்கே அது தெரியாது. அவர் வியாபாரியும் அல்ல. இருந்தும் வாங்கியவர் பக்கமே தீர்ப்பாயிற்று. பொருள் வர்ணனைக்குப் பொருந்தவில்லை. பார்த்து வாங்கினார் என்பது பதில் ஆகாது.

1990இல் மற்றொரு வழக்கு. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார் 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயத்தில் வென்றது. பிறகு பலமுறை பிரித்து மாற்றிக் கட்டப்பட்டது. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர், பந்தயத்தில் ஓடிய பாகங்கள் அதில் அநேகமாக இல்லை, ஆகவே இது அந்தக் கார் அல்ல என்று பின்வாங்கினார். நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறினாலும் அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அதுவே அந்தக் கார் என்றார்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். பாகம் மாறியது குற்றமல்ல. சொன்ன சொல்லும் கொடுத்த பொருளும் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

நம் கடைக்கு என்ன?

முதல் வழக்கின் தீர்ப்புக்கு ஆதாரம் 1893ஆம் வருட ஆங்கிலச் சட்டம். அதைத் தழுவி வந்ததே நமது 1930ஆம் வருடப் பொருள் விற்பனைச் சட்டம். அதன் 15ஆம் பிரிவு சொல்வது இதுதான்: வர்ணனை சொல்லி விற்றால் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். மாதிரியும் காட்டி, வர்ணனையும் சொல்லி விற்றால், மூட்டைச் சரக்கு மாதிரிக்கு ஒத்திருந்தால் மட்டும் போதாது. சொன்ன பெயருக்கும் ஒத்திருக்க வேண்டும். மொத்த வியாபாரிகள் இதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். காகிதப் பொட்டலத்தில் மாதிரி காட்டி, பில்லில் 'முதல் ரகம்' என்று எழுதிவிட்டால், அந்த இரண்டு சொல்லுக்கும் நாமே ஜவாபுதாரி. 'அனுப்பியவர் அப்படித்தான் சொன்னார்' என்று கைகாட்ட முடியாது. ஹெரால்ட் காரை விற்றவரும் தெரியாமல்தான் சொன்னார்.

நம்மிடமும் குறை இல்லாமல் இல்லை. போன வருடத்துப் பருப்பைப் புடைத்து, வெயிலில் காயவைத்து, புதுச் சாக்கில் கொட்டி விற்பது நாம் அறியாத காரியமா? சுத்தம் செய்ததில் தப்பில்லை. அதற்கு உழைப்பு இருக்கிறது, கூலியும் கேட்கலாம். 'பழசு, சுத்தம் செய்தது, அதனால் கிலோவுக்கு இவ்வளவு குறைவு' என்று பலகையில் எழுதினால் வாங்க ஆள் வரும். 'புதுசு' என்று எழுதினால் ஒருமுறைதான் வருவார்.

வாங்கும்போது காந்தமும் ஜாக்கியும் போல நம் சோதனைகளைச் செய்வோம். கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துவோம். விற்கும்போது சாக்கில் இருப்பதையே பலகையில் எழுதுவோம்.