தட்டை மரு ஏன் வரிசை கட்டி வருகிறது?

பிள்ளையின் நெற்றியிலோ புறங்கையிலோ சின்னச் சின்னதாய், தலை தட்டையான புள்ளிகள். தோலின் நிறம், இல்லையென்றால் லேசான பழுப்பு. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் மேடு தெரியும். பரு என்று நினைத்துக் கிள்ளிவிடுவோம். அங்கேதான் வினை.

இந்தப் புள்ளிகள்தான் தட்டை மரு, ஹெச்பிவி வைரஸின் வேலை. பெரும்பாலும் 3, 10 ஆகிய வகைகள். நகம் கீறிய இடத்தில் வைரஸ் இறங்கிவிடுவதால், பிறகு அந்தக் கீறல் நெடுகப் புது மருக்கள் கிளம்பும். மீசை அரும்பும் வயதில் ரேஸரும் இதையேதான் செய்கிறது. மரு இருக்கும் இடத்தில் சவரத்தைத் தள்ளிப்போடுங்கள்.

உடல் ஏன் உடனே விரட்டுவதில்லை? வைரஸ் மேல்தோலோடு நின்றுவிடுகிறது, ரத்தத்துக்குள் போவதில்லை. எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் காண மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும். கண்டுகொண்டதும் மருக்கள் திடீரெனச் சிவந்து அரிக்கும். பயப்பட வேண்டாம், பல நேரங்களில் மரு போகப்போவதன் அறிகுறி அது.

ஆகவே காத்திருப்பதும் சிகிச்சைதான். சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும், காலாணிக்கான சாலிசிலிக் அமிலத்தை முகத்தில் தடவுவதும் வேண்டவே வேண்டாம். பரவிக்கொண்டே போனால் தோல் மருத்துவர் ட்ரெட்டினாயின் களிம்பு தரலாம். திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் உண்டு. மாநிறத் தோலில் அது நிறமாற்றத்தை விட்டுச்செல்லலாம் என்பதால் முகத்துக்கு யோசித்துத்தான் செய்வார்கள்.